ஓட மறுத்த கொள்ளையன்: லூர்துசாமி அண்ணன் நினைவாக

போன செவ்வாய்க்கிழமை காலை நூம்பலில் எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்ய, அதைப் பார்க்க வந்தவரோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அம்பத்தூரிலிருந்து ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டார். "உங்க அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். எந்த அண்ணன் என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகு கேட்கத் தோன்றவில்லை. ஸ்டெல்லா அக்காவின் கணவர்தான் லூர்துசாமி அண்ணன். காலைப் பூசைக்குப் போய் வந்து, முகச்சவரம் செய்ய உட்கார்ந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் கதாநாயகனாக நடித்த ஒரே படத்தில் நான் உதவி இயக்குநராக இருந்தேன். அந்தப் படக்குழுவுக்கு இன்னமும் ஒரு வாட்ஸாப் குழு உண்டு. தகவலைப் போட்டேன். ஆழ்ந்த இரங்கல், கூப்பிய கைகள், அழும் முகங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. நடுவில் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் எழுதியிருந்தார்: "அன்னைக்கே அந்த ஷாட்ல சிரிச்சிருக்கணும் மனுஷன். அப்பவே சொன்னேன்." அதற்கும் நாலு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. ஒரு ஷாட்டில் சிரிக்காத பாவத்துக்கு ஒருவர் இத்தனை வருஷம் கழித்துச் செத்துப்போனாராம்! இரங்கல் சொல்லத் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டாவது இருக்கலாமே. அந்த நாளில் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அண்ணனைத் தெரிந்தவர்கள் படித்துவிட்டு அழட்டும். தெரியாதவர்கள் இப்படி ஒருவர் இருந்தார் என்று தெரிந்துகொள்ளட்டும்.

அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தவர். கம்பெனியை மூடிய பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டினார். வருஷா வருஷம் அவர்கள் பங்குக் கோயிலில் போடும் பாஸ்கா நாடகத்தில் அவருக்கென்று நிரந்தரமாக ஒரு வேஷம் உண்டு. இயேசுவோடு சிலுவையில் அறையப்படும் இரண்டு கள்வர்களில் இடப்பக்கத்துக் கள்வன், கடைசி வரை திருந்தாதவன். "என் மூஞ்சிக்கு வேற எதுவும் ஒத்து வரலம்மா. ஒரு தபா பேதுரு வேஷம் கேட்டேன். சாமியார் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, நீ கள்வனாவே இருன்னுட்டாரு" என்பார்.

அந்தக் கள்வனை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "அவன் கேக்கறதுல இன்னாம்மா தப்பு? நீ மெய்யாலுமே கடவுளா கீறதுன்னா உன்னையும் காப்பாத்திக்கோ, எங்களையும் எறக்கி வுடுன்றான். சாவப் போறவன் வேற இன்னா கேப்பான்?"

எங்கள் இயக்குநர் அப்போது அந்தக் கோயிலுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். புனித வெள்ளியன்று மைக் சத்தத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாமல், என்னதான் நடக்கிறது என்று எரிச்சலோடு எட்டிப் பார்க்கப் போனவர், இடப்பக்கத்துச் சிலுவையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஏழுமலை கிடைச்சாச்சு" என்றார்.

ஏழுமலை யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஆவடிப் பக்கம் சிக்னலுக்காக நிற்கும் சரக்கு ரயில்களில் ஏறி, வேகன் கதவை உடைத்து, சர்க்கரையும் கோதுமையும் மூட்டை மூட்டையாக இறக்கியவர். வேகன் ஏழுமலை என்றால் குழந்தைகள் கூடச் சோற்றை மறுபேச்சில்லாமல் விழுங்கும் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இறக்கியதில் ஒரு பங்கு உள்ளூர் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலே புதிதாக ஓர் அதிகாரி வந்து விசாரணை தொடங்கியதும், ஏழுமலை வாய் திறந்தால் தன் தலை உருளும் என்று இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது. சீக்கிரமே ஏழுமலை சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பி ஓடும்போது சுட்டோம் என்றது போலீஸ். பத்திரிகைகளிலும் அதுதான் வந்தது. எங்கள் திரைக்கதையிலும் ஏழுமலை ஏரிக்கரையில் ஓடினார், சுட்டார்கள், விழுந்தார்.

அண்ணனுக்குக் கதையைப் படித்துக் காட்டினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவுரு சம்சாரம் கீறாங்களா?" எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கதை எழுதி, லொக்கேஷன் பார்த்து, சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. அந்தக் கேள்வி மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணன்தான் விசாரித்துக் கண்டுபிடித்தார். பூந்தமல்லி மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தார் ஏழுமலையின் மனைவி தனபாக்கியம் அம்மா. துணைக்கு அண்ணன் என்னையும் அழைத்துப் போனார். பெண்பிள்ளை ஒருத்தி கூட வந்தால் அந்த அம்மா கொஞ்சம் நிதானமாகப் பேசுவார் என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பாகிவிட்டது.

"இன்னா, சினிமாவா? எங்க ஊட்டுக்காரர வெச்சி துட்டு பண்ணப் போறீங்களா? போங்க போங்க, யாவார நேரத்துல வந்து உயிர வாங்கிகினு" என்றார். அரிவாள்மனையில் மீன் வெட்டும் கை நிற்கவே இல்லை.

அண்ணன் கிளம்பவில்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "யக்கா, நான்தான் அவுரா நடிக்கப் போறேன். உங்கள பாக்காம வேஷம் கட்ட மனசு வரல. திட்டுங்க, கேட்டுகினு போறேன்."

அந்த அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அவுரு உன்ன மாரி தொப்பையும் தொந்தியுமா இருக்க மாட்டாரு."

"கொறச்சிக்கிறேன்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கும் வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. வாங்க வந்தவர்கள் போகும் வரை எங்களைக் காக்க வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பேசினார்.

"அவுரு திருடல, யோக்கியருன்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். திருடினாரு. அதுல வந்த சோத்த நானும்தான் துன்னேன். ஆனா அவுரு ஓடல தம்பி. இன்ஸ்பெக்டரு ஜீப்ப எடுத்துகினு நேரா ஊட்டுக்கே வந்தான். வா, சரண்டர் ஆயிடு, நான் பாத்துக்கிறேன்னான். எங்க ஊட்டுல எத்தினி தபா சாப்டவன் அவன்! இவுரு குளிச்சாரு. வெள்ள சட்ட போட்டாரு. அவன் பக்கத்துல உக்காந்துகினு போனாரு. ஓடிப் போற ஆளு குளிச்சிட்டா போவாரு, நீயே சொல்லு."

அண்ணன் எழுந்து நின்றார். பிறகு சொன்னார்: "படத்துல அவுரு ஓட மாட்டாருக்கா. நான் பொறுப்பு."

பேருந்தில் திரும்பும்போது நான் பிடித்துக்கொண்டேன். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீர்கள், கதை உங்களுடையதா, இயக்குநருக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினேன். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாரக் கேக்கணும் தங்கச்சி? ஓடப் போறது என் காலுதான?"

நான் பயந்தபடியே இயக்குநர் குதித்தார். "அண்ணே, இது ஆக்‌ஷன் படம். கிளைமாக்ஸ்ல ஹீரோ ஓடாம, உக்காந்த இடத்துலயே சாவாரா?" அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "சார், போலீஸ் பங்கு வாங்கிச்சுன்னு தைரியமா படம் எடுக்கறீங்க. கடைசில பாத்தா போலீஸ் எழுதிக் குடுத்ததத்தான் எடுக்கறீங்க" என்றார். இயக்குநர் நல்ல மனிதர். ஒரு சிகரெட்டைப் புகைத்து முடித்தார். இரண்டு விதமாகவும் எடுப்போம், எடிட்டிங்கில் முடிவு செய்வோம் என்றார். அண்ணனுக்கு அது போதுமானதாக இல்லை. ஆனால் வேறு வழி இல்லை.

சென்னீர்குப்பத்தைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் படப்பிடிப்பு. காலையில் ஓடுவது போல எடுத்தோம். "ஒத்துக்கினேன், ஓடறேன்" என்று சொல்லி ஓடினார். அதில் குறையே வைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்திருப்பது போல. அதைப் பார்க்க அண்ணன் அழைத்திருந்ததால் தனபாக்கியம் அம்மா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார், காலியான மீன் தட்டோடு. அவரைக் குடை நிழலில் நிற்க வைத்தேன்.

காட்சி இதுதான். ஜீப்பிலிருந்து இறங்கி ஏழுமலையும் இன்ஸ்பெக்டரும் கரையில் உட்காருகிறார்கள். இன்ஸ்பெக்டர் டீ கொடுக்கிறார். வெள்ளைச் சட்டையில் ஏழுமலை டீயை ஊதி ஊதிக் குடிக்கிறார். "புள்ளைங்கள மட்டும் பாத்துக்கோ" என்கிறார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் எழுந்து பின்பக்கம் போகிறார். வெடிச் சத்தம். ஏழுமலை பக்கவாட்டில் சாய்கிறார். கையிலிருந்த கிளாஸ் உருண்டு போகிறது. இயக்குநர் கட் சொல்லவே மறந்துவிட்டார். பிறகு சொன்னார். யாரும் கைதட்டவில்லை.

இந்த இடத்தில் எங்கள் சினிமா வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. கட் சொன்ன பிறகும் ஓடவிட்ட கேமராவுக்கு முன்னால் கண்ணைத் திறந்து சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் பதிவு செய்துகொள்வார்கள். அது படத்தில் வராது. செத்தது வேஷம்தான், ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார் என்பதற்காக எடுத்து வைப்பது. இல்லாவிட்டால் அந்தச் சாவு நிஜமாகவே வந்துவிடும் என்று ஒரு பயம். பெரிய நடிகர்களும் செய்வார்கள், சாமி கும்பிடாதவர்களும் செய்வார்கள்.

"அண்ணே, சிரிங்க! கேமரா ஓடுது!" என்று மேனேஜர் கத்தினார்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். திறந்த கண்ணுக்கு நேரே, குடைக்குக் கீழே, தனபாக்கியம் அம்மா நின்றிருந்தார். அண்ணன் அவரையே பார்த்தபடி எழுந்து உட்கார்ந்தார். வாய் மட்டும் கோணியது, சிரிப்பு வரவில்லை.

"சிரிச்சிடு தம்பி" என்றார் அந்த அம்மா. "உனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்க. சிரி நைனா."

அவ்வளவுதான். அண்ணன் ஓவென்று அழுதுவிட்டார். தோள் குலுங்க, மூக்கு ஒழுக, அத்தனை பேர் முன்னால், வெள்ளைச் சட்டையில் பொய் ரத்தத்தோடு உட்கார்ந்து ஒரு பெரிய மனிதர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். கேமராமேன் கேமராவை நிறுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். சிரிக்காதது ஒரு குற்றம், அழுதது அதைவிடப் பெரிய குற்றம். உடனே பூசணிக்காய் வந்தது, கற்பூரம் வந்தது, திருஷ்டி சுற்றி உடைத்தார்கள்.

பிறகு வேனில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவரிடம், ஒரு நொடி சிரித்துத் தொலைத்திருக்கலாமே அண்ணே என்றேன். "சிரிக்கத்தான் பாத்தேன் தங்கச்சி. அந்தம்மா மூஞ்சியப் பாத்துகினு எப்டிச் சிரிக்கறது? நான் எழுந்துக்கினேன். அவுங்க ஊட்டுக்காரரு எழுந்துக்கலியே" என்றார்.

இதுதான் நடந்தது. வாட்ஸாப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

படம் முடிந்தது. வெளியீட்டுக்கு முன் தயாரிப்பாளருக்கு எங்கிருந்தோ ஒரு தொலைபேசி அழைப்பு. யார் பேசினார்கள் என்று கடைசி வரை சொல்லவில்லை. ஆனால் மனிதர் ஆடிப்போய்விட்டார். இன்ஸ்பெக்டர் பங்கு வாங்கும் காட்சிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஏரிக்கரையில் டீ குடிக்கும் காட்சி போயிற்று. காலையில் எடுத்த ஓட்டம் உள்ளே வந்தது. இயக்குநர் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அவர் கத்தவில்லை. "பங்கு வாங்கினவன் எல்லாரும் போயிட்டானுங்க. நான் மட்டும் தனியாத் திருடினாப்ல கீது" என்றார். சிரிக்க முயன்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "படம் வர்றதுக்குள்ள நானே போய்ச் சொல்லிட்றேன். வேற எவனாவது சொல்லி அந்தம்மா கேக்கக் கூடாது" என்றார்.

நானும் போனேன். மார்க்கெட்டில் அதே இடம். எத்தனையோ பேரை ஏற்றி இறக்கி, வாய் ஓயாமல் பேசி ஆட்டோ ஓட்டியவருக்கு அன்று வாய் வரவில்லை. நின்றபடியே, "யக்கா, என்னால முடியல. படத்துல ஓட வுட்டுட்டாங்க" என்றார்.

தனபாக்கியம் அம்மா அரிவாள்மனையைத் தள்ளி வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"ஊரு பாக்கறது பாத்துட்டுப் போவட்டும்" என்றார். "நீ உக்காந்தத நான் கண்ணால பாத்தேன். போதும். நிக்காத, உக்காரு. ஊட்டுக்கு வவ்வாலு மீனு எடுத்துகினு போ."

படம் ஓரளவு ஓடியது. அண்ணனின் நடிப்பைப் பாராட்டி எழுதினார்கள். ஆனால் அடுத்த வாய்ப்பு வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் கைக்கு எட்டும் முன்பே கலைந்துபோயின. செத்த சீனில் அழுத ஆள், ராசியில்லாதவர் என்று ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்குப் போயிருந்தது. எனக்குத் தெரிந்த இடங்களிலெல்லாம் நான் சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் மறுபடியும் ஷேர் ஆட்டோ எடுத்தார். ஏறுகிறவர்கள் "நீங்க வேகன் ஏழுமலதான?" என்று கேட்டால், "அது வேற ஆளு, அவுரு நல்லா ஓடுவாரு" என்பார். வேதனையில் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சிரிக்காமல் இருந்ததற்கு வருத்தப்படுகிறீர்களா என்று ஒரு தடவை கேட்டேன். "ச்சீ" என்றார்.

தனபாக்கியம் அம்மாவுக்கும் அண்ணன் வீட்டுக்கும் மட்டும் உறவு ஒட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டு பிரியாணி பூந்தமல்லிக்குப் போகும். ஸ்டெல்லா அக்கா உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தனபாக்கியம் அம்மாதான் வந்து கூட இருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அக்கா என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் மூத்தவர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதன்கிழமை அடக்கம். கோயிலிலும் கல்லறைத் தோட்டத்திலும் ஷேர் ஆட்டோக்காரர்கள்தான் நிறைந்திருந்தார்கள். சினிமாவிலிருந்து இயக்குநரும் நானும். சாமியார் ஜெபம் முடித்ததும் பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். தனபாக்கியம் அம்மா மண்ணைக் கையில் எடுத்தவர், போடாமல் நின்றார். ஸ்டெல்லா அக்காவின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

"யக்கா, இங்க வாய் வுட்டு அழலாமா? உங்க கோயில்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

ஸ்டெல்லா அக்கா புரியாமல் பார்த்தார்.

"எங்க ஊட்டுக்காரரு போனப்ப அழ வுடல. பொணத்தக் குடுக்கல, எங்க எரிச்சாங்க, பொதச்சாங்கன்னு கூடச் சொல்லல. வாசல்ல போலீசு நின்னுகினு, சத்தம் வெளிய வந்தா உன்னையும் தூக்கிகினு போவோம்னான். ஒறமொற யாரும் எட்டிப் பாக்கல. அவுருக்குன்னு அழுதது இந்தத் தம்பி ஒருத்தர்தான்."

ஸ்டெல்லா அக்கா அவர் தோளைப் பிடித்து அணைத்துக்கொண்டார். "அழுக்கா" என்றார். "நல்லா அழு. எவன் வந்து கேக்கறான்னு நான் பாக்கறேன்."

தனபாக்கியம் அம்மா குழியோரம் உட்கார்ந்தார். மார்பில் அடித்துக்கொண்டு, "தம்பி, என் தம்பி" என்று தொடங்கினார். கொஞ்ச நேரம் போனதும் "மாமா, மாமா" என்று குரல் மாறியது. யாரை அழைக்கிறார் என்று அங்கே ஸ்டெல்லா அக்காவுக்கும் இயக்குநருக்கும் எனக்கும்தான் தெரியும். ஸ்டெல்லா அக்கா அவரைத் தடுக்கவில்லை, கூடவே உட்கார்ந்து அழுதார். மண் தள்ள வந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். சாமியாரும் போகாமல் நின்றார். அழுது முடியும் வரை யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

அண்ணே, ஏழுமலைக்கு இவ்வளவு நாளாக ஒரு குழி கூட இல்லை. அந்த அம்மா அவரை உங்களிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்சம் தள்ளிப் படுத்து அவருக்கும் இடம் கொடுங்கள்.